பேனருக்காகப் படித்த எழுத்து

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தால் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். தல்லாகுளத்தில் எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு, வீடியோ பார்த்து வங்காள எழுத்துப் பழகினேன். பக்கத்து சீட்டுக்காரி, மருமகனுக்கு மீன் குழம்பு வைக்க எழுத்து எதற்கக்கா என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே என் டப்பாவிலிருந்த அப்பளத்தையும் எடுத்துத் தின்றாள்.

என் ஒரே மகள் பெங்களூரில் கூட வேலை பார்த்த வங்காளிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, எல்லாம் முடிந்த பிறகு போனில் தகவல் சொன்னாள். அன்றோடு என் கணவர் அவளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். என்னால் அப்படி இருக்க முடியவில்லை. பெற்றவள் நான். காலையில் ஒரு போன், சாயங்காலம் ஒரு போன் என்று அடித்துக்கொண்டே இருந்தேன். முதலில் மீட்டிங்கில் இருக்கிறேன் என்றாள். பிறகு எடுப்பதையே நிறுத்திவிட்டாள். பிள்ளை கையை விட்டுப் போகிறது என்று பயந்துபோனேன்.

சொந்தக்காரர்கள் வாயை அடைக்க ஒத்தக்கடையில் மண்டபம் பிடித்து ஒரு வரவேற்பு வைப்பதாக முடிவு செய்தேன். சம்பந்தி வீட்டார் நாக்பூரிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். மதுரையில் காதுகுத்து முதல் கருமாதி வரை பேனர் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. வாசலில் வைக்கிற பேனரில் சம்பந்திகளை அவர்கள் எழுத்திலேயே வரவேற்க வேண்டும், அதை நானே எழுதிச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி பிடித்தது. சம்பந்தியம்மா மனம் குளிர்ந்தால் மகளும் என் பக்கம் திரும்புவாள் என்பது என் கணக்கு.

எழுத்து லேசில் வழிக்கு வரவில்லை. நாம் ஒரே ஒரு 'க'வை வைத்துக்கொண்டு காலந்தள்ளுகிறோம். அவர்கள் நாலு வைத்திருக்கிறார்கள். 'ப'வுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் அது 'ர' ஆகிவிடுகிறது. புள்ளியை மறந்துவிட்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனால் 'கொ' எழுத நாம் முன்னால் கொம்பும் பின்னால் காலும் போடுவதுபோலவே அவர்களும் போடுகிறார்கள் என்று பார்த்த அன்றைக்குச் சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டேன். சம்பந்தியம்மாவே எனக்குக் கொஞ்சம் சொந்தமாகிவிட்டாற்போல இருந்தது.

எழுதியதைத் தினமும் படம் எடுத்து மகளுக்கு அனுப்புவேன். அவள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்புவாள். போனில் சிக்காத பிள்ளை இதில் சிக்கினாளே என்று எனக்குப் பெருமை. தொந்தரவு செய்ய வேண்டாமென்று போன் அடிப்பதையும் விட்டுவிட்டேன். கணவர் ஒருநாள் நான் எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டு, மகளுக்குத்தான் புத்தி பிசகியது என்று நினைத்தேன், அது எங்கிருந்து வந்தது என்று இப்போதல்லவா தெரிகிறது என்றார்.

பேனர் கடையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, உடைந்து விழுந்த எழுத்தையெல்லாம் திரும்பத் திரும்ப மாற்றச் சொன்னேன். கடைக்காரருக்கு என்னைக் கண்டாலே எரிச்சல். தாய்மாமன் என்ற உரிமையில் என் தம்பி கூலிங்கிளாஸ் போட்ட படத்தைக் கொடுத்து, மாப்பிள்ளை படத்தைவிடப் பெரிதாகப் போட்டுக்கொண்டான். ஆனாலும் எல்லார் தலைக்கும் மேலே, என் எழுத்து ஒரு வரி பளிச்சென்று நின்றது.

வரவேற்பன்று காலையில் சம்பந்திகள் வந்து இறங்கினார்கள். சம்பந்தியம்மா பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு, மகனிடம் என்னவோ கேட்டார். இங்கே தேர்தலா என்று கேட்கிறார் என்று மருமகன் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னான். நான் விடவில்லை. மேலே கையைக் காட்டி, அந்த வரியைப் பாருங்கள் என்று ஜாடை செய்தேன். அவர் பார்த்தார். மகனைப் பார்த்தார். அவன் தோளைக் குலுக்கினான். பிறகு இருவரும் ரொம்ப அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

மகளைக் கை கழுவுகிற இடத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், எழுத்தில் ஏதும் தப்பா என்று கேட்டேன்.

"தப்பெல்லாம் இல்லம்மா. அவங்களுக்கு வாசிக்கத் தெரியாது. மூணு தலமுறையா நாக்பூரு. வீட்ல பேசுவாங்க, அம்புட்டுத்தான். இவருக்கும் தெரியாது."

எங்கள் அலுவலகத்திலேயே வீட்டில் சௌராஷ்டிரம் பேசிவிட்டுத் தமிழ் மட்டுமே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு இத்தனை வருஷம் சோறு தின்றவளுக்கு இது உறைக்கவில்லையே என்று என்னையே நொந்துகொண்டேன். அப்புறம்தான், இவளுக்கு முன்பே தெரியுமே என்று உறைத்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவள் கண்ணாடியைப் பார்த்துத் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "இதுலயே கெடந்தீன்னா எனக்குப் போன் பண்ண மாட்டேல்ல. அதான் விட்டுட்டேன்."

குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பி ஏசியாவது இருப்பேன். நேராகப் பந்திக்குப் போய், சம்பந்தியம்மாவுக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னேன். நன்றாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். போட்டோவிலெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மத்தியானம் எல்லாரையும் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மண்டபத்துப் பக்கமே வராத கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி அழ வேறு ஆள் இல்லாததால் அவரிடமே எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு நன்றாக வேண்டும் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"நான்தான் அவளத் தல முழுகிட்டேன்னு இம்புட்டு நாளா வீறாப்பா இருந்தேன். அவ நம்ம ரெண்டு பேத்தையும் எப்பவோ தல முழுகியிருக்கா."

சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார். நான் பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அதுவரை எங்கள் வீட்டில் அவருக்கு மட்டும்தான் பிள்ளை இல்லை.