தண்ணீர்ப் பக்கம் இறங்காதீர்கள்

ஜப்பானில் மலையில் நடக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் விஷயம், என்னைப் போன்ற ஒருவனின் பேச்சைக் கேட்காதீர்கள் என்பதுதான். என் மகள் அங்கே ஒரு பழைய யாத்திரைப் பாதையில் தனியாக நடந்தாள். வழி தவறியபோது நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்தாள். அதனால்தான் அவளுடைய வலது கணுக்கால் உடைந்தது. இதை என் மனைவியிடம் சொல்லாமல் இரண்டு மாதம் ஓட்டினேன்.

மகள் அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். நான் இலங்கையில், பதுளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். பிறந்தது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில். மலையில் பிறந்ததும் போதாதென்று மலையைப் பற்றிப் பாடமும் நடத்துகிறவனுக்கு வாய் எவ்வளவு நீளமாக இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அழைத்தாள். மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள்.

"அப்பா, எனக்கு மூணு நாள் லீவு. மலைக்குப் போறேன்."

"கொழுந்து எடுக்கவா?"

"ஐயோ அப்பா! சாமி கும்புட. பழைய காலத்துல ராஜா எல்லாம் நடந்து போன பாதையாம். வழியெல்லாம் சின்னச் சின்னக் கோயில். ஒவ்வொண்ணுலயும் ஒரு முத்திரை வச்சிருப்பாங்க, நாமளே புத்தகத்துல குத்திக்கணும்."

"தனியாவா?"

"நெறையப் பேரு தனியாத்தாம்ப்பா போறாங்க."

"சரி, வழி தவறிட்டா பயப்படாத. தண்ணி ஓடுற பக்கமா எறங்கு. கீழ பீலி இருக்கும். பீலி இருந்தா லயம் இருக்கும்."

"ஜப்பான்ல ஏதுப்பா லயம்?"

"லயம் இல்லாட்டி ரோட்டு இருக்கும். மனுசன் எங்கயும் தண்ணிக்குப் பக்கத்துலதான் இருப்பான்."

"சரிங்க சேர்," என்று கேலியாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

தேயிலை மலையில் நான் சொன்னது சரி. மூடுபனி இறங்கினால் ஒரு மரத்துக்கு அடுத்த மரம் தெரியாது. அப்போது காலடியில் இருக்கும் கானைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் போதும். மழைத் தண்ணீருக்காக வெட்டிய அந்தக் கான் ஓடையில் விழும், ஓடை லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வரும். ஏழு வயதில் இதைக் கற்றுக்கொண்டேன். அந்தக் கானை வெட்டியது என் அப்பாவும் அவரோடு வேலை செய்தவர்களும் என்பது மட்டும் மகளுக்குச் சொல்லும்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. மலை தானாக எங்களை வீட்டில் கொண்டுவந்து விடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து ஊரான எல்லவில் வெள்ளைக்காரர்கள் நடந்து போவதைப் பார்த்து நாங்கள் எவ்வளவு சிரித்திருக்கிறோம்! பெரிய சப்பாத்து, கையில் இரண்டு கம்பு, கழுத்தில் விசில். "கெழவி கூட கம்பு இல்லாம மூணு தரம் ஏறி எறங்குறா, இவனுக்கு என்னா வந்துச்சு?" என்று என் தம்பி பஸ்ஸுக்குள் சத்தமாகவே சொல்வான். நானும் சிரிப்பேன். அந்த விசில் எதற்கென்று இப்போது தெரியும். குரல் அரை மணி நேரத்தில் அடைத்துவிடும். விசில் அடைக்காது. வாங்கிக்கொள்ளுங்கள்.

நடந்ததை மகள் ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு துண்டாகச் சொன்னாள். இரண்டாம் நாள் முத்திரை குத்துவதிலும் படம் எடுப்பதிலும் நேரம் போய்விட்டது. அந்த மாதத்தில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். உயரமான மரக்காட்டுக்குள் மூன்று மணிக்கே மங்கல். ஆகவே விடியக் காலையில் கிளம்ப வேண்டும், மூன்று மணிக்குள் தங்குமிடத்தை நெருங்கிவிட வேண்டும். அவள் மூன்று மணிக்கு இன்னும் பாதி வழியில் இருந்தாள். அப்போதுதான் பக்கத்தில் ஒரு குறுக்குப் பாதையைக் கண்டாள். மரம் வெட்டுகிறவர்கள் போய்வரும் தடம். வாசலில் கயிறு கட்டி, இது யாத்திரைப் பாதை அல்ல என்று பலகையும் வைத்திருந்தார்களாம். வாசித்துவிட்டுத்தான் தாண்டியிருக்கிறாள்.

ஏன் தாண்டினாய் என்று நான் கேட்கவில்லை. 'உள்ளே வரக்கூடாது' என்ற தோட்டத்துப் பலகைக்கு உள்ளேதான் எங்கள் சனங்களின் வீடே இருக்கிறது. என் மகள் டவுனில் வளர்ந்தவள் என்றாலும் லீவுக்கெல்லாம் லயத்தில்தான் கிடந்தாள். பலகை எங்களுக்கு இல்லை, வெளியாளுக்கு என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே அவள்தான் வெளியாள்.

தடம் காட்டுக்குள் கொஞ்ச தூரம் போய் மறைந்துவிட்டது. வரிசை வரிசையாக ஒரே மாதிரி மரங்கள். திரும்பி ஏறியிருந்தால் இருபது நிமிடத்தில் பாதைக்கு வந்திருப்பாள். கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இறங்கினாள்.

ஜப்பான்காரர்கள் இதைச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கிறார்களாம். வழி தவறினால் ஓடைக்கு இறங்காதே, வந்த வழியே திரும்பு, முடியாவிட்டால் மேட்டுக்கு ஏறு. அந்த ஓடைகள் பீலிக்குப் போவதில்லை. செங்குத்தாக விழுகின்றன. பாசி பிடித்த பாறை இறங்க விடும், திரும்ப ஏற விடாது. பள்ளத்தில் போனுக்குச் சிக்னலும் கிடையாது. அவள் ஒரு பாறையில் வழுக்கி, அடுத்த பாறையில் விழுந்தாள். அதற்குக் கீழே ஆறு ஆள் உயரத்துக்கு அருவி.

அவளோடு வேலை செய்யும் வெலிமடைப் பிள்ளை எனக்கு அழைத்தபோது பள்ளிக்கூடம் விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. "அங்கிள், தங்கச்சி இன்னும் தங்குற இடத்துக்குப் போகவில்லையாம், பொலிஸுக்குச் சொல்லியிருக்கிறார்கள்," என்று சிங்களத்தில் சொன்னாள். நான் பாடசாலை வாசலில் நின்றிருந்தேன். பிள்ளைகள் ஐஸ் பழம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு வெளிச்சம். அவளுக்கு இருட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று கணக்குப் போட்டேன். பூமி சுழல்வதால் இடத்துக்கு இடம் நேரம் மாறுகிறது என்று அன்று காலைதான் ஒன்பதாம் வகுப்புக்குப் படம் போட்டுக் காட்டியிருந்தேன்.

அவளைக் காப்பாற்றியது தங்குமிடத்துக்கார அம்மாதான். நாலரைக்கு வருகிறேன் என்று மகள் சொல்லி வைத்திருந்தாள். ஐந்தரை வரைக்கும் பார்த்துவிட்டு அந்த அம்மா பொலிஸுக்கு அழைத்துவிட்டார். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். நான் எழுதுவதில் இந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

மறுநாள் காலை, எங்கள் நேரம் ஆறரைக்குக் கண்டுபிடித்தார்கள். தேடி வந்தவர்கள் முந்தின இரவே மேலே நின்று கூப்பிட்டிருக்கிறார்கள். தண்ணீர் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை.

"நீங்க சொன்ன மாதிரிதாம்ப்பா எறங்குனேன்," என்றாள், குறை சொல்லும் குரலே இல்லாமல். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, ஒங்கள உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க."

நான் சொல்லவில்லை. மகளே சொல்ல வேண்டாம் என்ற பிறகு எனக்கென்ன என்று வசதியாக இருந்துவிட்டேன்.

விசாரிக்க வந்தவர்கள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். "கதிர்காமத்துக்கு நடந்திருந்தா முருகன் பாத்துருப்பாரு, தெரியாத சாமிய நம்பி எதுக்குப் போவணும்?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மனைவி சப்பாத்தின் மேல் பழியைப் போட்டாள். மலிவாகக் கிடைத்ததென்று மகள் வாங்கிய சப்பாத்து. "அந்தச் சப்பாத்துதான் வழுக்கிருச்சு," என்று எல்லோரிடமும் சொன்னாள். நானும் ஆமாம் என்றேன். ஒரு சப்பாத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மகளால் இப்போது முதியவர்களைத் தூக்க முடியாது. துணி மடிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். கால் நேராகாவிட்டால் அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில், ஸ்பிரிங்வெளியிலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார். பிள்ளை என்னிடம் படித்தவள். அடுத்த மாதம் ஜப்பான் போகிறாள்.

"சேர், ஒங்க பாப்பா அங்க பட்டது எல்லாம் கேள்விப்பட்டோம். இதுவும் மலை, கோயில்னு அலையுற கழுத. கொஞ்சம் புத்தி சொல்லுங்க."

"அம்மா, சும்மா இருங்க," என்றபடி பிள்ளை கொப்பியைத் திறந்தாள்.

நான் சொல்லச் சொல்ல எழுதினாள். சீக்கிரம் கிளம்பு. கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று முதலிலேயே பார்த்துவை. தலையில் கட்டும் லைட் ஒன்று. கரடி இருக்கிற இடமென்றால் பையில் மணி கட்டு. பலகை போட்டிருந்தால் நில். மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வழி தவறிட்டா என்னா சேர் செய்யிறது?" என்று பிள்ளை கேட்டாள்.

அவளுடைய கொப்பியைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். "தண்ணிப் பக்கம் எறங்காத. வந்த வழியே மேல ஏறு. நான் என் மகளுக்கு எறங்கச் சொன்னேன். நான் சொல்லித்தான் அவ எறங்குனா."

மனைவி கையில் தட்டோடு நின்றாள். வந்த அம்மா தரையைப் பார்த்தார்.

"நம்ம புள்ள ஒங்கள வழி கேட்டுச்சா?" என்றாள் மனைவி.

"இல்ல. நானாத்தான் சொன்னேன்."

அவள் தேத்தண்ணீரை ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தாள். எனக்கும் வைத்தாள். பிறகு அந்தப் பிள்ளையிடம், "எழுதிட்டியாம்மா? நல்லா எழுதிக்க," என்றுவிட்டு உள்ளே போனாள்.

அன்று மாலை மகள் அழைத்தபோது, மனைவி போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எப்போதும் பேசி முடித்து என்னிடம் தரும் போனை, வெளியே வந்தபோது அணைத்துவிட்டிருந்தாள்.