இரண்டு வல்லரசுகளும் ஒரு சில்வர் சட்டியும்

சட்டியின் மூடியைத் திறந்ததும் கருவேப்பிலையும் பெருஞ்சீரகமும் பொரிந்த வாசனை முகத்தில் அடிக்கும். சிட்னியில், வெஸ்ட்மீடில், என் பத்து வயதில் பனிப்போர் எங்கள் வீட்டுக்கு அந்த வாசனையோடுதான் வந்தது.

அப்பா மொஸ்கோவில் மருத்துவம் படித்தவர். எதிர் ஃபிளாட்டில் இருந்த ராசன் அங்கிள் அமெரிக்காவில் பொறியியல் படித்தவர். யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்த இருவரும், ஞாயிறுகளில் அங்கிளின் காரில் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் குடும்பங்களோடு போய்வந்து, தேநீர் குடித்தபடி உலகத்தைப் பங்குபோடத் தொடங்குவார்கள். ஜெர்மன்காரனை ஒன்றாக நின்று விழுத்திய இரண்டு நாடுகள் பிறகு ஏன் முகம் திருப்பின என்பதுதான் வழக்கு. "அணுகுண்டைப் போட்டு வெருட்டினது ஆர்?" என்பார் அப்பா. "பேர்லினில மதில் கட்டினது ஆர்?" என்பார் அங்கிள். அப்பா விண்வெளிக்கு ஒருவனை அனுப்பினால், அங்கிள் ஒருவனைச் சந்திரனிலேயே இறக்கிவிடுவார். எனக்கும் அங்கிளின் மகள் சுஜாவுக்கும் பள்ளிக்கூடம் வேறு வேறு. வாதம் நீண்டால்தான் எங்களுக்கு விளையாட்டு.

இங்கே மருத்துவராக வேலை செய்வதற்கான சோதனையில் அப்பா இரண்டாம் முறையும் தவறிய கிழமை, அங்கிள் வாயை விட்டார். "அவ்வளவு திறமான நாடெண்டால் அங்கயே இருந்திருக்கலாமே மச்சான். மொஸ்கோ டொக்டரை இஞ்ச ஆர் தேடினது?" அப்பா கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். அதன்பின் இருவரும் கதைக்கவில்லை.

ஆனால் சுஜாவின் அம்மாவான அன்ரியின் சில்வர் சட்டி ஒன்று எங்கள் சமையலறையில், குசினியில், இருந்தது. "வெறுஞ்சட்டி திருப்பிக் குடுக்கப்படாது" என்று அம்மா அதில் பத்து வடை வைத்து என்னிடம் கொடுத்துவிட்டார். மறுகிழமை அதே சட்டி இருபது முறுக்கோடு சுஜாவின் கையில் வந்தது. அம்மா விடுவாரா? மட்டன் ரோல்ஸ் போனது, நண்டுக்கறி வந்தது. இரு வீட்டாரும் மூக்குமுட்டத் தின்றோம், நிறுத்தத்தான் ஒருவருக்கும் தைரியமில்லை. சட்டி நின்றால் சுஜாவை நான் காணும் வழியும் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

பேர்லின் மதில் இடிபடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். "இனியாவது போய் ஒரு சொல் கதையுங்கோவன்" என்றார் அம்மா. "முதல் அவன் கதைக்கட்டும்" என்றார் அப்பா. அடுத்த மாதம் அங்கிள் குடும்பம் மெல்பேர்னுக்குக் குடிபெயர்ந்தது. அன்று காலை அம்மா நிரப்பி வைத்த சட்டியோடு புறப்பட்ட என்னை அப்பா வாசலில் மறித்தார். யன்னலால் பார்த்தேன், கார் திரும்பும்வரை சுஜா எங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவை அன்று நான் வெறுத்தேன்.

அப்பா பரிந்து பேசிய நாடு இன்று உலகப்படத்தில் இல்லை. எங்கள் ஃபிளாட்டுகளையும் இடித்துவிட்டார்கள். அப்பா சோதனையில் தேறி, பல வருடம் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டார். போன கிழமை சுஜா எப்படியோ என் இலக்கத்தைத் தேடிப்பிடித்து அழைத்தாள், அங்கிள் காலமாகிவிட்டாராம்.

அப்பாவிடம் சொன்னேன். குசினிக்குள் போனவர், மேல்தட்டிலிருந்து அந்தச் சட்டியை இறக்கிக்கொண்டு வந்தார்.

"செத்த வீட்டுக்கு இதுக்குள்ள என்ன வைச்சுக் குடுக்கிறது?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா சட்டியை வாங்கிக் கழுவத் தொடங்கினார்.