பெங்களூரில் வாங்கிய கண்ணாடி

கச்சான் காற்று எழுந்துவிட்டால் எங்கள் கடல் கலங்கிவிடும். அடியில் சங்கு கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அப்படிச் சும்மா கிடந்த ஒரு ஆடி மாதத்தில் எங்கள் படகின் சொந்தக்காரரான வல்லத்துக்காரர் எங்கள் இருவரையும் பெங்களூர் சுற்றிப்பார்க்க அழைத்துப் போனார். அவரை அண்ணாச்சி என்போம். எங்களில் இன்னொருவன் கடலடியில் மூழ்கிச் சங்கு குளிப்பவன், என் கூட்டாளி. நான் எட்டாவதோடு பள்ளியை விட்டு, லாரி, உப்பளம், ஹோட்டல் என்று சுற்றிவிட்டு அந்த வல்லத்தில் ஒட்டிக்கொண்டவன். அவன் கீழே இருக்கும்போது அவனுக்குக் காற்று போகும் குழாயை மேலிருந்து பிடிப்பது என் வேலை.

முதல் நாள் மத்தியானம், அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் பீர்க்கடைக்குப் போனோம். ஒரு பலகையில் ஆறு சின்னக் கிளாஸ் வைத்தார்கள். ஒன்றில் ஆரஞ்சுத் தோல் வாசம். ஒன்று கறுப்பு. மாவில் முக்கிப் பொரித்த மீனும் வந்தது.

அண்ணாச்சி ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "நம்ம கடல்ல செத்த மீனு இங்கன வந்து ரெண்டாந்தரம் செத்திருக்குல" என்றார்.

பாட்டுச் சத்தத்தில் எனக்கு அது மூன்றாவது தடவைதான் விளங்கியது. கூட்டாளி முதல் தடவையே சிரித்தான். நானும் அண்ணாச்சியும் "என்னது, என்னது" என்று கத்திக்கொண்டிருக்க, அவன் மட்டும் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். எனக்குச் சந்தேகம் வந்தது. குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, கறுப்பு பீர் எப்படி என்று கேட்டேன்.

"கசக்குல" என்றான்.

கை கழுவப் போன இடத்தில் என் சட்டையைப் பிடித்தான். "வலது காது சவ்வு கிழிஞ்சு வருசமாச்சு. எடதும் முக்காவாசி போச்சு. அண்ணாச்சிட்ட சொல்லிராதல. வல்லத்துல ஏத்த மாட்டாரு. எனக்கு வேற தொழிலு தெரியாது."

சவ்வு கிழிந்தவன் காதுக்குள் தண்ணீர் போனால் தலை சுற்றும். மேல் எது கீழ் எது என்று தெரியாது. அப்படிச் செத்துப்போன ஒருவனை அள்ளிக்கொண்டு கரைக்கு வந்தது எங்கள் வல்லம்தான். அதன்பிறகு அண்ணாச்சி காது கெட்டவனை ஏற்றுவதில்லை. வல்லத்தில் எஞ்சின் சத்தம், எல்லோரும் சைகையில்தான் பேசுவோம். அதனால் இவன் தப்பியிருந்தான்.

"சொல்லமாட்டேம்ல" என்றேன்.

மறுநாள் கடை கடையாக அலைந்தோம். அண்ணாச்சி தன் வீட்டுக்காரிக்கு ஒரு கைப்பை வாங்கினார். விளையாட்டுச் சாமான் விற்கும் பெரிய ஏசி கடை ஒன்றில், அடுத்த சீசனுக்கென்று கூட்டாளி முக்குளிக்கும் கண்ணாடி ஒன்றை எடுத்து, முகத்தில் மாட்டி வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான். கடையில் ஈ பறந்தால் கேட்கும். நான் அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"ஏலே செவிட்டு மூதி!"

விற்கிற பெண் திரும்பினாள். பில் போடுகிறவன் திரும்பினான். கூட்டாளி திரும்பவில்லை. நான் சிரித்தேன். அண்ணாச்சியும் சிரித்தார், பிறகு நிறுத்திவிட்டார். எதிரே இருந்த நிலைக்கண்ணாடியில் அவன் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தான்.

அவன் இடத்துக்கு ஆசைப்பட்டுச் செய்தேன் என்று ஊரில் சொல்கிறார்கள். அவன் உயிரைக் காப்பாற்றினேன் என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இரண்டும் இல்லை. அன்று சும்மா ஒரு சிரிப்புக்குத்தான் செய்தேன்.

ஊர் திரும்பும் ரயிலில் அண்ணாச்சி அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். "காத்து அடங்குனதும் நீ சங்கு குளி. குழாயப் பிடிக்க வேற ஆள் பாத்துக்கிடுதேன்."

அவர் உதடு அசைந்ததைக் கூட்டாளியும் பார்த்துக்கொண்டிருந்தான். ஊரை நெருங்கி மணியாச்சியில் ரயில் நின்றபோது பையிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்தான்.

"மாட்டுததுக்கு முன்ன உள்ள எச்சி துப்பித் தேய்க்கணும். இல்லன்னா ஆவி படிஞ்சி ஒண்ணும் தெரியாது."

சொல்லிவிட்டு அவனே அதற்குள் துப்பினான். தேய்க்கவில்லை. அப்படியே என் மடியில் வைத்தான்.