பதினைந்து ஜோடி பூட்ஸ்

ஆவடி பஸ் நிலையத்துக்கு எதிரே நேற்று ஒரு பேனர் பார்த்தேன். 'கால்பந்து வள்ளலுக்கு எழுபதாம் பிறந்தநாள்' என்று போட்டிருந்தது. சாயம் பூசிய மீசை வேறு. வள்ளலாம்! பஸ் வருவதற்குள் மூன்று முறை காறித் துப்பினேன். பக்கத்தில் நின்ற அம்மா தள்ளி நின்றுகொண்டார்.

கொரட்டூர்க்காரன்தான். கல்கத்தாவில் பெரிய கிளப்புக்கு ஆறு சீசன் ஆடினான். அதில் பாதி பெஞ்சைத் தேய்த்தது. நமக்கு அதெல்லாம் தெரியுமா? பேப்பரில் அவன் படம் வந்தால் வெட்டி வைப்போம். நான் சாப்பாட்டு டப்பா மூடிக்குள் ஒட்டியிருந்தேன். சிரிக்காதீர்கள். குழம்பு பட்டு அவன் முகம் மஞ்சளானதற்கு வருத்தப்பட்டவன் நான்.

ஆட்டம் ஓய்ந்ததும் வள்ளல் துரைக்குத் தர்மம் பிடித்துக்கொண்டது. ஊர் ஊராகப் போய் ஏழை ஆட்டக்காரர்களுக்கு பூட்ஸ் கொடுப்பான். எண்பதுகளின் கடைசியில் பருத்திப்பட்டு மைதானத்துக்கு வந்தபோது எனக்கும் என் கூட்டாளி முனுசாமிக்கும் இருபது வயது இருக்கும். மறுநாள் காலை தொழிற்சாலை டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். எடுத்துவிட்டால் நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ். பூட்ஸ் இல்லாதவனை உள்ளேயே விடமாட்டார்கள். என்னிடம் அண்ணனின் பழைய ஜோடி இருந்தது. முனுசாமியிடம் எதுவும் இல்லை. ஆனால் வெறுங்காலோடு ஆடியே என்னைத் தண்ணி குடிக்க வைப்பான்.

அன்று மைதானம் முழுக்கப் புதுத் தோல் வாசனை. வள்ளல் குனிந்து தன் கையாலேயே முனுசாமிக்கு லேஸ் கட்டினான். போட்டோ எடுத்தார்கள். முனுசாமி நின்ற இடத்திலேயே குதித்துக் குதித்துப் பார்த்தான். கேமராக்காரர் கிளம்பியதும் வள்ளலின் ஆள் சாக்கோடு வந்தான்.

"கழட்டுங்கப்பா. நாளைக்கு திருமுல்லைவாயில்ல குடுக்கணும்."

மொத்தமே பதினைந்து ஜோடி! அதுதான் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. தூ, இதற்குப் பேர் தர்மம்.

முனுசாமி என் கையைப் பிடித்தான். "மச்சான், நீ அவராண்ட பேசிகினு கீறியே... நாளைக்கு ஒரு நாள் மட்டும் உட்டுட சொல்லுடா."

வள்ளல் பக்கத்தில்தான் நின்றான். அவனுக்கு விழுந்த மாலைகளைச் சுமந்துகொண்டிருந்தவன் நான். மறுநாள் காலையில் வந்து எனக்கு ஒரு வார்த்தை சிபாரிசு சொல்வதாகச் சொல்லியிருந்தான். நான் கேட்டிருக்கலாம். குனிந்து முனுசாமியின் லேஸை நானே அவிழ்த்தேன்.

மறுநாள் அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எடுத்தவர்களில் கடைசிப் பெயராக என் பெயரை வாசித்தார்கள். சிபாரிசுக்கு வள்ளல் வரவே இல்லை.

பருத்திப்பட்டு மைதானத்தில் இன்று நாலு மாடி வீடுகள். டீமையும் எப்போதோ கலைத்துவிட்டார்கள். முனுசாமி குடும்பம் இருந்த ஓலை வீட்டு வரிசையே இல்லை. எங்கே போனார்கள் என்று விசாரிக்கலாம். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போய் நிற்பது? அவனுக்கு வரவேண்டிய சம்பளத்தில் முப்பது வருடம் சாப்பிட்டவன் நான்.