சாலையில் ஓடிய சிவப்பு எண்ணெய்

எண்பதுகளின் தொடக்கம். சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். முதல் பிரசவத்தில் எனக்கு ரத்தம் நிற்காமல் போனதால், அடுத்ததைப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே என் கணவர் ஒரு பழைய ஆட்டோ கியர் கார் வாங்கினார்.

வெயிலில் கொஞ்ச தூரம் ஓடினாலே கியர்பெட்டி கொதித்து, கார் இழுக்காது. கியர் எண்ணெயைக் குளிரவைக்கும் கூலர் ஒன்றைச் சுங்கைப் பட்டாணி டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து, ரேடியேட்டருக்கு முன்னால் அவரே பொருத்தினார். கூட வந்த குழாய் எட்டவில்லை. தண்ணீர் பம்பில் மிஞ்சிக் கிடந்த ரப்பர் குழாயை வெட்டிச் சேர்த்து, கிளிப் போட்டு இறுக்கினார். தாங்குமா என்று கேட்டேன்.

“நாம வெட்டுற மரத்துப் பாலுதானேலா. நம்மளயே கைவிட்டுடுமா?”

சில நாள் ஓட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு கசியவில்லை.

வலி கண்டது ஒரு மதியம். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ அக்கா என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். செம்மண் தடம் முடிந்து தார்ச்சாலை ஏறியதும் இஞ்சின் அலறியது, கார் நகரவில்லை. சூடான எண்ணெயில் ஊறி ஊறி அந்த ரப்பர் களியாகிப் பிளந்திருந்தது. திறந்த கதவு வழியே பார்த்தேன், சாலையில் சிவப்பு எண்ணெய் ஓடியது. உள்ளே, சீட்டில், என் ரத்தம். வெயிலில் இரண்டும் ஒரே சிவப்பு. என் கணவர் குழாயின் பிளவை வெறுங்கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

“கண்ண மூடாத தங்கச்சி, ஏதாச்சும் பேசு,” என்று அக்கா கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

நெல் ஏற்றி வந்த ஒரு மலாய்க்காரர் லாரியை நிறுத்தினார். தன் சாரோங் கைலியை மூட்டைகள் மேல் விரித்து, என்னைத் தூக்கிக் கிடத்த உதவி, ஹார்னிலிருந்து கையெடுக்காமல் ஓட்டினார்.

நான் பிழைத்தேன். பெண் குழந்தை. மூச்சில்லை.

வார்டில், வெந்த கையில் கட்டோடு அவர் உட்கார்ந்திருந்தார். ஒர்க்‌ஷாப்பில் விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

“எண்ணெய் பட்டா ரப்பர் கெட்டுப்போவுமாம். பொறந்ததுலேருந்து ரப்பர்லயே கிடக்கறேன், எனக்குத் தெரியலையே.”

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தோட்டத்தில் ஆளுக்கொன்று பேசினார்கள். என்னைக் காப்பாற்றத்தான் அந்தக் குழாயை வெட்டினார் என்று நினைக்கும்போது இன்றும் அவர்மேல் கோபம் வருவதில்லை. அப்படி நினைக்க மறந்த நாட்களில் வந்துவிடுகிறது.