லக்கல பஸ்ஸுக்குப் போகிறவர்கள்

கெம்பஸ் விடுமுறையில் மாத்தளையில் ஒரு வங்கிக் கிளைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே நான் செய்த முதல் உருப்படியான வேலை, டோக்கன் மெஷினுக்கு புரோகிராம் எழுதியது. கணக்கு இலக்கத்தை அழுத்தினால் பெயரோடு டோக்கன் வரும். முறை வந்ததும் அந்தப் பெயர் கவுண்டர் திரையில் தெரியும்.

முதல் நாளே குழம்பியது. திரையில் ஒரு முஸ்லிம் மிளகு வியாபாரியின் பெயர் இருக்க, கவுண்டரில் ஒரு சிங்களப் பெண் நின்றார். வியாபாரி தன் டோக்கனை அவரிடம் கொடுத்துவிட்டு, அவருடையதை வாங்கி வைத்திருந்தார்.

"நானா, அப்படி மாத்த ஏலாது. ஒங்க பேருலதானே வந்திருக்கு," என்றேன் எரிச்சலோடு.

"அவங்க ஊரு லக்கல, தங்கச்சி. இந்த பஸ்ஸ விட்டா இருட்டுலதான் போய்ச் சேருவாங்க. யானை வர்ற ரோடு. எனக்கு கடை பக்கத்துலதானே."

அன்றே, அழுத்தினால் முறை முன்னதாக வரும்படி 'தூர பஸ்' என்று ஒரு பட்டன் சேர்த்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஒரு வாரமாகியும் அதை யாரும் அழுத்தவில்லை. தனக்கு அவசரம் என்று தானே சொல்லி முன்னால் போக எல்லோருக்கும் கூச்சம். பக்கத்தில் இருப்பவர் பார்த்துக் கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

பட்டனை எடுத்துவிட்டேன். டோக்கனில் இருந்து பெயரையும் எடுத்தேன். இப்போது அதில் வெறும் இலக்கம்தான். யாருக்குக் கைமாற்றுவது என்பதை நாற்காலியில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கிளையில் நான் செய்த நல்ல வேலை எதுவென்று கேட்டால், அந்த இரண்டையும் எடுத்ததைத்தான் சொல்வேன்.