திருவனந்தபுரத்தில் பெய்த மழை

போன கோடையில், சனி ஞாயிறு இரண்டு நாளும் திருவனந்தபுரம் சுற்றிப் பார்க்கப் போடியிலிருந்து வேனில் போனோம். என் பக்கத்து இருக்கையில் ஓர் ஏலத்தோட்டக்காரர். ஒல்லியான ஆள், காதெல்லாம் நரைமயிர். மலையில் அவருடைய செடிகள் மழையில்லாமல் வாடிக்கொண்டிருந்தன. அதனால் அடிக்கொரு தரம் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, தூறல் விழுகிறதா என்று பார்ப்பார். மிருகக்காட்சி சாலையில் புலியைக் காட்டினேன். "ம்" என்றுவிட்டு வானத்தைப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் கடற்கரையில் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் வேனுக்கு ஓடினோம். அவர் மட்டும் நனைந்தபடியே தோட்டத்துக்குப் போன் போட்டார்.

"கங்காணி, மேகம் அங்கதான் ஏறுது. காலைல வெரசா எல்லாச் செடிக்கும் உரம் வச்சிருங்க."

"மழை வரலைன்னா வேரு கருகிருமேண்ணே" என்றேன், வேன் ஜன்னல் வழியாக.

"இம்புட்டுப் பெய்யுது. அங்க மட்டும் பெய்யாமப் போயிருமா தம்பி?"

ஞாயிறு மாலை போடிமெட்டுக்கு அருகே, தன் தோட்டத்து வாசலில் இறங்கினார். வேன் கிளப்பிய புழுதி அடங்க நேரமாயிற்று. கங்காணி காத்து நின்றார்.

"சொன்னபடி வச்சாச்சு மொதலாளி. ஒரு செடி விடல."

தோட்டக்காரர் பையிலிருந்து முந்தின நாள் நனைந்த வேட்டியை எடுத்தார். ஓரத்துச் செடியின் தூரில் குனிந்து, அதை முறுக்கிப் பிழிந்தார். நாலைந்து சொட்டு விழுந்தது.

வேன் வளைவில் திரும்பும்போது, அவர் அடுத்த செடிக்கு நகர்ந்திருந்தார்.